கிழக்கு என்று சொன்ன பக்கம்

கனடாவின் மொன்றியல் நகரில், லாசால் பகுதியில், நானும் அண்ணையும் ஒரே மாடியில், எதிரெதிர் வீடுகளில் இருந்தோம். அண்ணை என்று கூப்பிடுவேனே தவிர அவர் எனக்குச் சொந்தமில்லை. மனைவி இறந்தபின் அவர் தனி. நான் எப்போதுமே தனி. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, நாலைந்து நாடுகளில் கோப்பை கழுவி, கடைசியாக மொன்றியலில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் பெட்டி தூக்கினேன். முதுகு போனதும் வேலையும் போனது. வீட்டில் கிடந்த அந்தக் குளிர்காலத்தில்தான் இணையத்தில் வரைபடம் செய்யப் பழகினேன்.

எத்தனையோ எல்லைகளை லொறியின் பின்பக்கத்தில் கிடந்து, எந்த நாட்டில் இருக்கிறேன் என்று தெரியாமலே கடந்தவன் நான். அதனால்தானோ என்னவோ, வரைபடத்தில் கண் போனது. யார் யாரோ எழுதி இலவசமாக விட்ட மென்பொருள்கள் இருந்தன. யாரும் திருத்தக்கூடிய உலக வரைபடம் ஒன்றும் இருந்தது. சான்றிதழ் கேட்க ஆளில்லை. வீடியோ பார்த்துப் பார்த்து, பழைய கணினியில் முதல் வரைபடப் பக்கத்தைச் செய்து அண்ணையிடம் காட்டினேன். இடத்தைக் குறிக்கும் இரண்டு எண்களை, அகலாங்கையும் நெட்டாங்கையும், இடம் மாற்றிப் போட்டிருந்தேன். எங்கள் கட்டடம் அந்தாட்டிக்காவில் நின்றது.

“இஞ்சையும் பனி, அங்கையும் பனி. அங்கை வாடகை குறைவோ எண்டு பாரும்” என்றார் அண்ணை.

அப்போது அவருக்கு ஞாபகம் பிசகத் தொடங்கியிருந்தது. தினமும் காலையில் ஆற்றங்கரைக்கு நடந்துபோய் வருவார். ஒருநாள் பொலிஸ் கொண்டுவந்து விட்டது. இன்னொரு நாள், அவர் வழி தெரியாமல் நிற்கிறார் என்று தெருமுனைத் தெப்பனர்ச் சில்லறைக் கடைக்காரர் எனக்குப் போன் எடுத்தார். புறநகரான கர்க்லாண்டில் இருந்த மகள், தன்னோடு வந்து இருக்கும்படி கேட்டாள். அவர் அசையவில்லை.

“அங்கை றோட்டிலை மனிசரைக் காணேலாது. கராஜ் கதவுகள்தான் கிடக்கு. கூட்டிக்கொண்டு போக ஆள் வேணும், கூட்டிக்கொண்டு வர ஆள் வேணும். நான் என்ன பார்சலே?”

தனியாகப் போய்த் தனியாகத் திரும்புவதுதான் அவருக்கு மிஞ்சியிருந்தது. மகளிடம் நான் ஒரு யோசனை சொன்னேன். அவருடைய போன் அவர் நிற்கும் இடத்தை அடிக்கடி என் கணினிக்கு அனுப்பும். அது வரைபடத்தில் கோடாக விழும். வேலையிடத்தில் இருந்தே அவள் பார்க்கலாம். அண்ணையும் சம்மதித்தார்.

“சரி அங்கிள். ஒழுங்காப் போய் வந்தாரெண்டா அங்கையே இருக்கட்டும்” என்றாள் மகள்.

அந்தக் கோடையில் கோடுகள் நன்றாக வந்தன. வாசல், ஆறு, அவர் குந்தும் வாங்கு, கோப்பிக்கடை, வாசல். ஒரு நாளின் கோட்டின் மேல் மறுநாளின் கோடு படிந்து, ஒற்றையடிப் பாதைபோலத் தடித்தது. மாதத்துக்கு ஒரு நிறம் கொடுத்தேன். வாழ்க்கையில் நான் செய்து முடித்தது என்று காட்ட எனக்கு இருந்தது அந்த ஒரு பக்கம்தான்.

இலையுதிர் காலத்தில் எங்கள் தெருவைக் கிண்டினார்கள். செம்மஞ்சள் கூம்புகளைச் சுற்றிப் போன அண்ணை பழக்கமில்லாத தெருவுக்குள் இறங்கிவிட்டார். மகளுக்குப் போன் எடுத்தார். அவள் வரைபடத்தைத் திறந்து அவர் நின்ற இடத்தைக் கண்டுபிடித்தாள்.

“அப்பா, அப்பிடியே கிழக்குப் பக்கமா நடவுங்கோ. வீடு வந்திடும்.”

“ஓம் பிள்ளை.”

இந்த நகரத்தில் கிழக்கு என்பது தெருப்பலகையில் எழுதியிருப்பது. நகரம் இருக்கும் தீவு சரிந்து கிடக்கிறது. ஆறு இருக்கும் பக்கத்தைத் தெற்கு என்று வைத்துக்கொண்டு மற்றத் திசைகளுக்குப் பெயரிட்டிருக்கிறார்கள். பலகை சொல்லும் கிழக்கில் நடந்தால் வடக்கை ஒட்டிப் போவோம். மகள் இங்கே பிறந்தவள். அவளுக்கு அதுதான் கிழக்கு. வரைபடத்தில் வீடு மேல்பக்கம், உண்மையான வடக்கில் இருந்தது. அவள் வாயில் வந்தது பலகையின் கிழக்கு. அண்ணைக்கோ கிழக்கு என்றால் வெயில் வரும் பக்கம். அவர் முகத்தில் வெயிலை வாங்கிக்கொண்டு நேரே நடந்தார். போய்ச் சேர்ந்த இடம் ஆறு. அதன்பின் அவர் போனை எடுக்கவில்லை. மகள் சொல்லி நான் ஓடிப்போனபோது, கைகள் விறைத்து, தண்ணீரைப் பார்த்தபடி நின்றார்.

அன்று மாலை அவருடைய குசினி மேசையில் மூவரும் இருந்தோம். நான் கணினியைத் திறந்து வைத்தேன்.

“அவர் பிழை விடேல்லை, பிள்ளை. நீ கிழக்கு எண்டாய். அவர் கிழக்காலைதான் போனவர். கோட்டைப் பார், அடிமட்டம் வைச்சுக் கீறின மாதிரி.”

அவள் கோட்டின் நுனியில் விரலை வைத்தாள். “ஓம் அங்கிள், பிழை என்ரைதான். ஆனா ஆத்தங்கரையிலை இருந்து வாற வழி அவர் ஒவ்வொரு நாளும் நடந்ததுதானே? ஏன் வரேல்லை?”

அவள் விரல் வைத்த இடத்தில், அவர் அசையாமல் நின்ற நேரமெல்லாம் புள்ளிகளாகக் குவிந்திருந்தது. கொட்டுண்ட எள்ளுப் போல இருந்தது. கோடை முழுக்கப் படிந்த அந்தத் தடித்த பாதை அதை உரசிக்கொண்டே போனது. அவர் அந்தப் பாதையின் மேலேயே நின்றிருக்கிறார். அவரை இங்கே வைத்திருக்கச் செய்த வரைபடமே இப்போது அவரை இங்கிருந்து போகச் சொன்னது.

அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டக் குனிந்தார்.

“ஆர் இந்த மனிசன்? நல்லாய் நடந்திருக்கிறார்.”

“நீங்கள்தான் அண்ணை.”

“சும்மா பகிடி விடாதையும்.”

மகள் எழுந்து போய்ப் பைப்பைத் திறந்துவிட்டாள். கழுவுவதற்கு ஒரு கோப்பையும் இருக்கவில்லை.

பனி விழ முன்பே அவர் கர்க்லாண்டுக்குப் போய்விட்டார். போனை அவர் இப்போது கையில் எடுப்பதே இல்லை என்று, வரைபடத்தை நிற்பாட்டச் சொன்னாள் மகள். நிற்பாட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பஸ் மாறிப் பஸ் ஏறி அவரைப் பார்க்கப் போனேன். என்னைக் கண்டதும் சப்பாத்தைத் தேடினார். நடக்கப் போனோம். லாசாலில் எப்போதும் எனக்கு முன்னால் நடப்பவர், அன்று அரையடி பின்னால் வந்தார். ஒவ்வொரு முடக்கிலும் நின்று, என் கால் திரும்பிய பக்கம் திரும்பினார். எல்லா வீடுகளும் ஒரே மாதிரி இருந்தன.

“உமக்கு வழி தெரியுமோ?” என்று கேட்டார்.

“ஓம் அண்ணை” என்றேன். அந்தத் தெருக்களுக்கு நான் வருவது அதுதான் முதல் தடவை. அவர் என் ஜக்கற்றின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.