இடது பக்கம் சேவியர்

நான் பொய் சொன்னேன். இரண்டு கல்லறைகளில் எதில் யார் இருக்கிறார் என்று தெரியாமலே, தெரியும் என்று சொல்லிச் சிலுவைகளை நட்டேன். மூன்று வருடங்களாக இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதலில்...

போர்ட் பிளேரில் எங்கள் தேவாலயப் பங்கின் கல்லறைத் தோட்டம் ஒரு சரிவில் இருக்கிறது. கல்லறைத் திருநாளுக்கு முந்தைய வாரம் இளைஞர் குழு போய்ப் புல் வெட்டி, மரச் சிலுவைகளுக்கு வெள்ளை பெயிண்ட் அடிக்கும். அந்த வருடம் நான்தான் தலைவி. எனக்கு எதிலும் அவசரம்! நட்டபடியே அடித்தால் அடிப்பாகத்தில் பெயிண்ட் ஏறாது, எல்லாவற்றையும் பிடுங்கி வரிசையாகக் கிடத்தி அடிக்கலாம் என்று யோசனை சொன்னதும் நானே.

"எல்லாம் கலந்துடுமே, ஜெனி?" என்றான், என்னோடு கல்லூரியில் படித்த ராபின்.

"அரே, என்னடா டென்ஷன்? குழிக்குப் பக்கத்துல கல்லுல ஒரு நம்பர், சிலுவையில அதே நம்பர். சாக்பீஸ்ல போட்டா முடிஞ்சுது. போட்டோவும் எடுத்துடறேன்."

சாக்பீஸ்! அக்டோபர் மாதத்து அந்தமானில்!

போட்டோவும் எடுத்தேன். கடைசி வரிசையின் மூலைக்குப் போவதற்குள், சமோசா வந்துவிட்டது என்று யாரோ கூப்பிட்டார்கள். ஓடிவிட்டேன்.

பாதி வேலையில் மழை பிடித்தது. விட்டபோது ஒரு நம்பர்கூட மிச்சமில்லை. போட்டோவைப் பார்த்துப் பார்த்து முப்பதுக்கு மேற்பட்ட சிலுவைகளை நட்டு முடித்தோம். கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்றின் தகட்டில் தமிழில் 'சேவியர்'. இன்னொன்றின் தகட்டில் இந்தியில் 'பினோத்'. மூலையில், அடுத்தடுத்து, இரண்டு குழிகள்.

"எது எங்க? சீக்கிரம் சொல்லு, நனைஞ்சு சாகறோம்" என்றான் ராபின்.

நான் போனைப் பார்த்தேன். திரையில் இருந்தது வேறு வரிசை. எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இடது பக்கம் சேவியர்" என்றேன்.

ஏன் சொன்னேன்? 'தெரியவில்லை' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? இந்தக் கேள்வியை நான் எத்தனை முறை கேட்டுக்கொண்டாலும் ஒரே பதில்தான் வருகிறது: யோசனை சொன்னவள் நான், என்னைப் பார்த்துச் சிரித்துவிடுவார்களே என்ற பயம். அவ்வளவுதான். அவ்வளவு அற்பம்!

திருநாளன்று ஸ்டெல்லா அக்கா வந்தார். குட்வில் எஸ்டேட்டில் எங்களுக்குப் பக்கத்து வீடு. சேவியர் அவருடைய கணவர். சிலுவை முன்னால் நின்று அக்கா ஒரு கணம் தயங்கினார்.

"இவரு அந்தப் பக்கம்லா இருந்தாரு..."

உடனே அவரே சிரித்தார். "எனக்குத்தான் வரவர ஞாபகமே இல்ல. நீதான நட்ட? சரியாத்தான் இருக்கும்."

வலது பக்கத்தில் பினோத்தின் தாய் மண்ணைத் தடவிக்கொண்டிருந்தார். ராஞ்சிக்காரர், நாங்கள் இந்தியில் மௌசி, அதாவது சித்தி, என்று கூப்பிடுவோம். வடக்கே ரங்கத் என்ற ஊரிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வருபவர். "பேட்டா... மேரா பேட்டா..." என்று மகனைக் கூப்பிட்டு அவர் அழுதது யாருடைய மண்ணின் மீது?

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் நான் பாடம் எடுக்கிறேன், தெரியுமா! 'சிலுவை வெறும் மரமில்லை. யார் தலைமாட்டில் நின்றாலும் அது சொல்வது ஒன்றுதான்: இவருக்காகவும் ஒருவர் உயிரைக் கொடுத்தார், இவரும் ஒரு நாள் எழுவார்.' பிள்ளைகள் கண் கொட்டாமல் கேட்பார்கள். அழகான பேச்சு. எனக்கு வசதியான பேச்சும்கூட! கடவுளுக்கு ஆள் தெரியாதா, சிலுவை பக்கம் மாறினால் அவருக்குக் குழப்பமா வரும் என்று அதற்குள்ளேயே ஒளிந்துகொண்டேன்.

ஒரு நாள் பீடத்துச் சிலுவையைப் பார்த்தபோது அந்த ஒளிவிடமும் போயிற்று. ஆண்டவரின் தலைக்கு மேலே ஒரு சின்னப் பலகை. பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், அன்றுதான் கண்ணில் பட்டது. அவரை அறைந்த மலையில் அன்று நின்றவை மூன்று சிலுவைகள். மூன்றும் ஒரே மாதிரி மரம். நடுவில் தொங்குபவர் யார் என்று மூன்று மொழிகளில் எழுதி அடித்திருந்தார்கள். கேலிக்குத்தான் எழுதினார்கள்... ஆனாலும் பெயரை எழுதினார்கள்! கடவுளே யாரோ ஒருவராகச் சாகவில்லை. இன்னார் மகன், இன்ன ஊர்க்காரர் என்றுதான் செத்தார். கீழே அவருடைய தாய் நின்றாள். அவளிடம் போய், எந்தச் சிலுவையானால் என்ன, அர்த்தம் ஒன்றுதானே என்று நான் சொல்வேனா?

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். "பொய் சொன்னேன், ஃபாதர்" என்றேன். என்ன பொய் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒருவேளை நான் சொன்னது சரியாகவே இருக்கலாம். பாதிக்குப் பாதி! அப்படி நினைத்துக்கொண்டு தூங்கப் பார்ப்பேன். உடனே 'அந்தப் பக்கம்லா இருந்தாரு' என்று அக்காவின் குரல்...

இந்த வருடம் மரச் சிலுவையை எடுத்துவிட்டுக் கல்லறையைச் சிமெண்டில் கட்டப்போவதாக அக்கா சொன்னார். மேஸ்திரி வந்த அன்று காலை ஓடினேன். சொல்லிவிடத்தான் ஓடினேன், நம்புங்கள்!

"அக்கா, ஒரு நிமிஷம்... சிலுவை ஒருவேளை இடம் மாறியிருந்தா?"

"ஏட்டி, காலையிலேயே என்ன கோட்டி பிடிச்சிருக்கு உனக்கு? நீ போட்டோ பாத்து நட்டேன்னு மௌசிகிட்டகூடப் பெருமையாச் சொல்லியிருக்கேன்."

"இல்லக்கா, மழையில..."

"தீதி, ஜல்தி! மசாலா சூக் ரஹா ஹை" என்றார் வங்காளி மேஸ்திரி. கலவை காய்கிறதாம். அக்கா திரும்பி, ஊற்றச் சொல்லிக் கையைக் காட்டினார். ஊற்றினார்கள். பார்த்துக்கொண்டே நின்றேன்.

மறுவாரம் பெயர்க்கல் பதித்தார்கள். அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். சேவியரின் பெயருக்குக் கீழே பாதிக் கல் வெறுமையாக இருந்தது.

"இது எதுக்குக்கா?"

"எனக்குத்தான். இதே குழியில அவர்கூடத்தான் என்னையும் வைக்கணும். பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டேன். நீயும் சாட்சி, என்ன?"

நான் தலையாட்டினேன். ஆம், தலையாட்டினேன்!

அக்காவுக்கு வயது ஐம்பத்திரண்டு. அதற்குள் சொல்லிவிடலாம், இன்னும் காலம் இருக்கிறது என்று நினைக்கிறேன். நினைத்தவுடனே, எதற்குள் என்று உறைத்து உடம்பு கூசுகிறது: அவருடைய சாவையல்லவா கணக்குப் போடுகிறேன்! ஞாயிறு பூசையில் அவர் எனக்கு இரண்டு வரிசை முன்னால் அமர்கிறார். அவர் இருமினால் நான் ஜெபத்தைப் பாதியில் விட்டுவிட்டு அவர் முதுகையே பார்க்கிறேன்.