அண்ணனின் வலது கால்

மயிரிழையை விட மெல்லிய ரத்தக் குழாய்களை ஸ்கேனில் பார்ப்பதுதான் ரூபினியின் ஆராய்ச்சி. ஒலியை உடம்புக்குள் அனுப்பி, திரும்பி வருவதைப் படமாக்கும் கருவி அது. அதோடுதான் அவள் குடித்தனம் நடத்துகிறாள் என்று தீவிலுள்ள கெலுகோரில் அக்கம்பக்கத்தார் கேலி பேசுவார்கள். கேலியில் தப்பில்லை.

கருவியைச் சரிபார்க்க நோயில்லாத கால் ஒன்று வேண்டியிருந்தது. வேறு எங்கே போவாள்? கடலுக்கு அக்கரையில் பிறை ஊர்த் தொழிற்சாலையில் நாளெல்லாம் நின்று வேலை பார்க்கும் அண்ணன் சந்திரசேகரனைக் கூப்பிட்டாள். தைப்பூசம் தவறாமல் காவடி எடுக்கிற ஆள். காய்ச்சல் என்றுகூடப் படுத்ததில்லை. மோட்டார் சைக்கிளில் கடல் பாலம் தாண்டி வந்து வலது காலை நீட்டினார்.

படத்தில் விரல்களின் அடியில் கறுப்பாக இருந்தது. அங்கே ரத்த ஓட்டம் இல்லை என்றது கருவி. ரூபினி கருவியைத்தான் திட்டினாள். அண்ணன் காலாவது, கெடுவதாவது! கருவியின் அளவுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினாள். கறுப்பு மறைந்து, ரத்த ஓட்டத்தைக் காட்டும் சிவப்பு நிரம்பியது. அது ரத்தமில்லை, கருவியின் வெறும் இரைச்சல். இதையே ஒரு மாணவன் செய்திருந்தால் வறுத்தெடுத்திருப்பாள். பாசம் கண்ணை மறைத்துவிட்டது.

இந்தத் தைப்பூசத்தில் தார்ச்சாலைச் சூட்டில் அண்ணனின் வலது பாதம் கொப்பளித்தது. அவருக்கு வலிக்கவே இல்லை. புண்ணும் ஆறவில்லை. ரத்தத்தில் சர்க்கரை ஏறி, இனிப்பு நீர் இருப்பது அப்புறம்தான் தெரிந்தது. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

ரூபினி பழைய பதிவைத் தேடி, முதலில் இருந்த அளவிலேயே போட்டுப் பார்த்தாள். கறுப்பு. எடுத்த விரல்கள் இருந்த அதே இடம். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை என்பதுதான் அவளைக் குத்தியது.

மறுநாள் மருத்துவமனைக்குப் போனபோது, அண்ணன் கைப்பேசியில் அவள் அன்று அனுப்பிய அந்தச் சிவப்புப் படத்தை நர்ஸிடம் காட்டிக்கொண்டிருந்தார்.

“என் தங்கச்சி எடுத்தது மிஸ்ஸி. எவ்ளோ நல்ல காலு பாருங்க லா. நான்தான் வெரதத்துல ஏதோ கொற வச்சிட்டேன் போல.”

ரூபினியால் அதைத் தாங்க முடியவில்லை. நர்ஸ் நகர்ந்ததும் சொல்லிவிட்டாள்.

“வெரதத்துல கொற இல்லண்ணே. தப்பு என்மேல. அப்பவே அங்க கறுப்பாத்தான் இருந்துச்சு. நான்தான் செட்டிங்க மாத்தி செவப்பாக்கிட்டேன்.”

“அப்பவே தெரிஞ்சிருக்குமா?”

“தெரிஞ்சிருக்கும். வெரலும் இருந்திருக்கும்.”

அவர் கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு போர்வையை விலக்கி இடது காலை நீட்டினார்.

“இதையும் பாரு பாப்பா. கறுப்பா இருந்தா கறுப்புன்னு சொல்லு.”