ஊரெல்லாம் சுற்றிய ஸ்வெட்டர் கைகள்

நூல்கண்டு என்ற பேரைப் பெரியக்கா முதன்முதலில் கேட்டது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது. தம்பி பஸ் ஓட்டிவிட்டு வந்து சாவியை மேசைமேல் போட்டான். சாவியில் கம்பளி நூலால் பின்னிய குட்டி மீன் ஒன்று தொங்கியது. ஒரு கண் பச்சை, ஒரு கண் மஞ்சள்.

"இது யாருடா பண்ணது?"

"நூல்கண்டு."

"அப்படி ஒரு பேரா?"

"டிப்போவுல டிக்கெட் கவுண்டர்ல இருக்குற பொண்ணுக்கா. கை சும்மாவே இருக்காது. எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுறாங்க."

"மீனுக்கு ரெண்டு கண்ணும் ஒரே நிறமா வைக்கத் தெரியாதா?"

"பச்சை தீர்ந்துபோச்சாம்" என்றான் தம்பி. சொல்லும்போதே அவன் முகத்தில் ஓடிய சிரிப்பைப் பார்த்துப் பெரியக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அந்த வருஷமே நூல்கண்டு பெரிய துணிப்பை ஒன்றோடு அந்த வீட்டு மருமகளாக வந்து சேர்ந்தாள். பை நிறைய மிச்ச நூல்.

ஆள் குள்ளம், உருண்டை முகம். பேச்சும் சிரிப்பும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வரும். அடுத்தவர் ஸ்வெட்டர் பின்னி மிஞ்சியது, பிரித்துப்போட்ட பழைய மப்ளர், எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வாள். கண்ணாடிக்கு உறை, சாவிக்கு மீன், கதவுப் பிடிக்குத் தொப்பி என்று எதையாவது பின்னி, பிடித்தவர் கையில் திணித்துவிடுவாள். அவளுக்குப் பிடிக்காதவர் என்று யாரும் இல்லை என்பதுதான் சிக்கல்.

பெரியக்கா இதற்கு நேர் எதிர். எதையும் அளந்து செய்பவள். பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இயக்கும் வேலை அவளுக்கு. ஸ்வெட்டரின் உடம்பை வீட்டில் பின்னுவாள், கைகளை லிஃப்டில் பின்னுவாள். இரண்டு கைகளையும் ஒரே ஊசியில் அக்கம்பக்கமாக ஏற்றி ஒன்றாகவே வளர்ப்பாள். அப்போதுதான் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை என்று ஆகாதாம். நூல் யார் காலிலும் மாட்டாமல் இருக்க, கைக்கான நூலைச் சீருடைப் பைக்குள் அடங்கும்படி சின்னச் சின்ன உருண்டைகளாகச் சுற்றிவைப்பாள்.

வினை அந்தச் சின்ன உருண்டைகளில்தான் வந்தது.

பெரியக்காவின் வீட்டுக்காரர் குளிர்பதனக் கிடங்கில் மூட்டை அடுக்குபவர். நல்ல உயரம், அதற்கேற்ற அகலம். வாசல் பக்கம் நின்றுகொண்டிருந்தவரை உள்ளே உறைய வைக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். திங்கட்கிழமை போயாக வேண்டும். போன தடவை அந்த அறையில் நின்றபோது நெஞ்சில் சளி கட்டிப் படுத்த படுக்கையாகிவிட்டார். அங்கே தரும் கோட்டு அவருக்கு முழங்கையோடு நின்றுவிடும். "உள்ளே கனமா ஸ்வெட்டர் போடாம அந்த அறைக்குள்ள கால வைக்காதீங்க" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பெரியக்கா செங்கல் நிறத்தில் தடிமனான நூல் வாங்கிப் பின்ன ஆரம்பித்தாள். கைக்கான நூலை உருண்டைகளாகச் சுற்றி, ஒரு சல்லடையில் போட்டு, ஜன்னலோரம் வைத்துத் துணியால் மூடினாள்.

சனிக்கிழமை சாயங்காலம் உடம்பைப் பின்னி முடித்தாள்; கைகளை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முடித்துவிடலாம். அந்தச் சந்தோஷத்தில் டீ குடிக்கலாம் என்று தெருமுனைக் கடைக்குப் போனாள். டீக்கடைக்காரர் நீட்டிய கண்ணாடி டம்ளர் செங்கல் நிறத்தில் சட்டை போட்டிருந்தது.

"இது என்ன?"

"டம்ளருக்குச் சட்டைம்மா! உங்க வீட்டு நூல்கண்டு குடுத்துச்சு. இனிமே யாருக்கும் கை சுடாதுல்ல?"

பெரியக்கா டீயை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள். துணியை விலக்கினால் சல்லடை பல்லை இளித்தது.

"நூல்கண்டு!"

"என்ன அண்ணி?"

"இதுல இருந்த நூல் எங்க?"

"மிச்ச நூல்தானே? நீங்கதானே சொன்னீங்க, கண்ட இடத்துல கிடக்குற மிச்சத்த எல்லாம் நீயே எடுத்துக்கோன்னு. குட்டி குட்டியா இருந்துச்சு. இந்த வீட்டுல குட்டியாச் சுத்துனது மிச்சம் மட்டும்தானே?"

"அது மிச்சம் இல்லடி! என் வீட்டுக்காரரோட ரெண்டு கையும் அது!"

நூல்கண்டின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அவள் சிரிக்காமல் நின்று அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

"கடைக்கு ஓடி வேற வாங்கிட்டு வரட்டுமா அண்ணி?"

"அந்தத் தடிமன்ல இருந்ததே அவ்வளவுதான். அடுத்த சரக்கு எப்ப வருமோ."

"என் பைல இருக்குற மிச்சத்துல பின்னினா?"

"உன் பைல இருக்குறது இவர் மணிக்கட்டுக்குக் காணும். தோளுக்கு எங்க போக?"

நூல்கண்டு செருப்பை மாட்டினாள். "அப்ப குடுத்ததை எல்லாம் திருப்பி வாங்கிடலாம். நானே போய்க் கேக்குறேன்."

"நீ தனியாப் போனா, கேக்குற இடத்துல இன்னொன்னு குடுத்துட்டு வருவ. இரு, நானும் வரேன்."

இப்படியாக அண்ணியும் தம்பி பெண்டாட்டியும், கொடுத்த பரிசைத் திருப்பிக் கேட்கத் தெருவில் இறங்கினார்கள். பக்கத்து வீட்டில் தம்பியோடு வேலை பார்க்கும் டிரைவர் இருந்தார். அவருடைய பஸ்ஸின் கியர் தலைக்கு நூல்கண்டு தொப்பி பின்னிக் கொடுத்திருந்தாள். தொலைந்துவிடும் என்று அவர் அதைத் தினமும் கழற்றிச் சட்டைப்பையில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாராம்.

"குடுத்ததத் திருப்பிக் கேக்குற ஆள இப்பதாம்மா பாக்குறேன்."

"இது மாமாவோட முழங்கைண்ணே. மன்னிச்சுக்கோங்க" என்றாள் நூல்கண்டு.

டிரைவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் கொடுத்துவிட்டார். டிப்போ கணக்கர், மூக்குக் கண்ணாடியை உறையோடு நெஞ்சில் வைத்துக்கொண்டு சாய்வு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிக் கேட்டதும், "கண்ணாடி இருக்கட்டும், உறையை மட்டும் எடுத்துக்கிறீங்களே, அந்த மட்டும் சந்தோஷம்" என்று முணுமுணுத்தார். டீக்கடைக்காரரோ டம்ளர் சட்டைகளை ஒவ்வொன்றாக உருவியபடி, கடையில் நின்றவர்களிடம் உரக்கச் சொன்னார்: "பாத்துக்கோங்கப்பா, ஒரு மனுஷனோட தோள்பட்டையப் புடிச்சுக்கிட்டுத்தான் நாலு நாளா டீ குடிச்சிருக்கீங்க!"

அதைக் கேட்டு நூல்கண்டு களுக்கென்று சிரித்துவிட்டாள். உடனே பயந்துபோய் அண்ணியைப் பார்த்தாள். அண்ணியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

கடைசியாகக் கீழ்வீட்டு நர்ஸ். அவளுக்குக் குழந்தை பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. குழந்தை செங்கல் நிறத் தொப்பி போட்டு, வாயைத் திறந்து அசந்து தூங்கியது. விஷயத்தைக் கேட்டதும், "ஐயோ, எடுத்துக்கோங்கக்கா. மாமாவுக்கு நெஞ்சுச் சளி வந்தப்ப ஊசி போட்டவளே நான்தானே" என்றாள் நர்ஸ்.

நூல்கண்டு கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவளால் முடியாது. பெரியக்காதான் குனிந்தாள். தொப்பியின் ஓரத்தைப் பிடித்தாள். குழந்தை தூக்கத்திலேயே அவள் விரலைப் பற்றிக்கொண்டது. பெரியக்கா தொப்பியை உருவவில்லை. காது மூடும்படி இழுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அளவு சரியா இருக்கு. இருக்கட்டும்."

படியேறும்போது நூல்கண்டு மெல்லக் கேட்டாள்: "நூல் காணாதே அண்ணி?"

"காணாதுதான். வா, வேலையப் பாக்கலாம்."

இரண்டு பேரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்தார்கள். பிரித்த நூல் சுருட்டை முடிபோல் சுருண்டு நின்றது. நனைத்துக் கொடியில் தொங்கவிட்டு, அடியில் பூட்டையும் கரண்டியையும் கட்டினார்கள். அந்தக் கனத்தில் நூல் நேராகிக் காய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பெரியக்கா பின்னினாள். நூல்கண்டு உருண்டை சுற்றித் தந்தாள். சமையல் தம்பி தலையில் விழுந்தது. அதைப் பற்றி இங்கே சொல்லாமல் இருப்பதே நல்லது.

மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே நூல் தீர்ந்தது. இரண்டு கையும் ஒரே ஊசியில் வளர்ந்ததால் இரண்டுமே சேர்ந்தாற்போல் நின்றன. வீட்டுக்காரர் போட்டுப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல, விடு. காத்து வரட்டும்" என்றார்.

"டாக்டர் காத்துக்குத்தான் போடச் சொன்னாரா?" என்று பெரியக்கா ஸ்வெட்டரைக் கழற்றி, ஊசியோடு நூல்கண்டின் மடியில் வைத்தாள். "உன் பையக் கொட்டு. மணிக்கட்டு உன்னோடது."

"என் நூல் மெலிசு அண்ணி."

"ரெண்டு இழையச் சேத்துப் புடி. இதெல்லாம் நான் சொல்லணுமா?"

பச்சை, மஞ்சள், ஊதா, மாம்பழ நிறம் என்று இரண்டிரண்டு இழையாகச் சேர்த்து நூல்கண்டு பின்னினாள். ஒரு கையில் பச்சை பாதியிலேயே தீர்ந்து நீலம் புகுந்தது. பெரியக்கா அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் இரண்டு பெண்களும் வாசலிலேயே நின்றார்கள். வந்தவர் இருமவில்லை. நெஞ்சைத் தட்டிக் காட்டினார், கதகதப்பாக இருந்ததாம். மணிக்கட்டைப் பற்றித்தான் பேச்செல்லாம்.

"உள்ள ஒரே பனிமூட்டம். எல்லாரும் ஒரே கோட்டு, ஒரே குல்லா. யாரு யாருன்னே தெரியாது. மேஸ்திரி என் கைய மட்டும் பாத்துட்டு, 'ஏய் மத்தாப்பு, அந்த மூட்டைய இந்தப் பக்கம் தள்ளு'ன்னாரு. நாளெல்லாம் மத்தாப்புதான் என் பேரு. மத்தவங்களும் கேக்குறாங்க, ஆளுக்கு ஒரு நிறமா மணிக்கட்டு வேணுமாம். முடியுமாம்மா?"

நூல்கண்டு அண்ணியைப் பார்த்தாள்.

"என்னை என்ன பாக்குற? பின்னு" என்றாள் பெரியக்கா. "முதல்ல அந்த டீக்கடைக்காரருக்குச் சட்டை பின்னிக் குடு. பாவம், கை சுடுதாம்."

அன்றிலிருந்து அந்த வீட்டு ஜன்னலில் இரண்டு சல்லடைகள். மிச்ச நூல் ஒன்றில் இருக்கும். தொடக்கூடாத நூல் இன்னொன்றில், அதன்மேல் கனமான பூட்டு ஒன்று உட்கார்ந்திருக்கும்.

வருஷங்கள் ஓடி, நூல்கண்டு இப்போது டிப்போ வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். அதே வீட்டில், பெரியக்காவுக்கு அடுத்த அறையில் இருக்கிறாள்.