ஸ்டெல்லா தேர்ந்தெடுத்த சிப்

ஹட்டனில் எங்கள் பட்டறை ஒரு புடவைக் கடையின் மாடியில் இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவிக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லாவின் தம்பி அந்தோனி போன் செய்தார். "அண்ணே, அக்கா போயிட்டாங்க" என்றார். புற்றுநோய் முற்றி, டிக்கோயா ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டெல்லாவை வீட்டுக்குக் கூட்டிவந்திருந்தார்கள். எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே எழுந்துவிட்டேன்.

அவரை அறிந்த உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து, மின்னணுவியல் படித்து, கொழும்பில் நல்ல வேலையில் இருந்தவர். அதை விட்டுவிட்டு வந்து என்னோடு சேர்ந்து ஒரு சின்னப் பொருளைச் செய்யத் தொடங்கினார். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பொத்தான். தனியாக இருப்பவர்கள், நோயாளிகள் அதை அமுக்கினால் பக்கத்து வீட்டில் வைத்த பெட்டியில் மணி அடிக்கும். பொத்தானுக்குள் இருப்பது கம்பியில்லாமல் செய்தி அனுப்பும் மைக்ரோகண்ட்ரோலர். நாங்கள் சிப் என்போம். முதல் பதிப்புக்கு வைஃபை சிப்பைத் தேர்ந்தெடுத்தவர் ஸ்டெல்லாதான். எளிதாகக் கிடைத்தது, அவருக்குப் பழகியும் இருந்தது. வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பார்கள்.

ராகலைப் பக்கம் தனியாக இருக்கும் பார்வதியம்மா மழையில் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்தார். பொத்தானை அமுக்கினார். மணி அடிக்கவில்லை. வைஃபை சிப் மின்சாரத்தை அதிகம் குடிக்கும்; பெட்டரி எப்போதோ தீர்ந்திருந்தது. விடிந்த பிறகுதான் பக்கத்து வீட்டார் பார்த்தார்கள். இடுப்பு முறிந்திருந்தது.

செய்தி தெரிந்ததும் ஸ்டெல்லா பஸ் ஏறினார். நானும் போனேன். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "இதைச் செஞ்சது நாந்தாம்மா" என்றார். பார்வதியம்மா கோபப்படவில்லை. "பெட்டரி போயிருச்சுன்னு எனக்கு எப்புடி புள்ள தெரியும்? அது சொல்லவே இல்லியே" என்று மட்டும் கேட்டார். சிரித்த முகத்தோடு வேலை செய்பவர் என்றுதான் அவரைப் பலரும் நினைவு வைத்திருப்பீர்கள். அந்தச் சிரிப்பு அன்றோடு குறைந்துபோனதை உங்களில் சிலரும் கவனித்திருக்கலாம்.

அடுத்த பதிப்புகளுக்கு எந்தச் சிப் என்று பேச உட்கார்ந்தோம். போனோடு இணையும் புளூடூத் சிப்பை நான் சொன்னேன். வாங்குபவர்கள் அதைத்தான் கேட்டார்கள்.

"கரண்டு போனா போன் செத்துரும் ரவி. லயத்துல எத்தன பேருக்கு அந்த மாதிரி போன் இருக்கு?"

"அப்ப எது?"

அவர் காட்டியது நெடுந்தூர ரேடியோ உள்ள ஒரு சிப். படம், குரல் எதுவும் அதில் போகாது. ஓரிரு சொல் போகும், ஆனால் மலை மடிப்பைத் தாண்டிப் போகும். மற்ற நேரமெல்லாம் தூங்கும். இருவரும் நோட்டன் பிரிட்ஜ் சரிவுகளில் ஆளுக்கொரு பக்கம் நின்று சோதித்தோம். புளூடூத் அடுத்த லயத்துக்கே எட்டவில்லை. ரேடியோவில் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மணி அடித்தது. அன்று மட்டும் பழைய மாதிரிச் சிரித்தார்.

தினமும் பொத்தான் தானாக 'இருக்கிறேன்' என்று ஒரு செய்தி அனுப்ப வேண்டும், அது வராவிட்டால் பக்கத்து வீட்டுப் பெட்டி கத்த வேண்டும் என்பதும் அவருடைய யோசனை. பழைய பொத்தான்கள் புதிய பெட்டியோடு பேசாது. "வித்ததெல்லாம் திருப்பி எடுத்துட்டு மாத்திக் குடுப்போம். அத விட்டுட்டுப் புதுசு விக்க எனக்கு மனசு வரல" என்றார். ஒத்துக்கொண்டோம். ஆனால் அந்தச் சிப் எங்கும் இருப்பில் இல்லை. காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பில்தான் அவருக்கு நோய் என்று தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் பார்க்கப் போகும்போதெல்லாம் ஒரே கேள்வி: "சிப் வந்துருச்சா?"

"வருதுங்க. கொழும்புக்கு வந்துருச்சாம்."

"வந்தா மொதல்ல ராகலைக்குக் கொண்டு போங்க."

அடக்கம் முடிந்து, முப்பதாம் நாள் பூசைக்கு முன்பு சிப் வந்தது. முதல் பொத்தானைப் பார்வதியம்மாவின் கழுத்தில் நான்தான் மாட்டினேன். "அந்தப் புள்ள வரலியா?" என்றார். சொன்னேன். பொத்தானைக் கைக்குள் மூடிக்கொண்டார். பிறகு, "சோறு போட்டிருக்கேன், சாப்பிட்டுப் போங்க" என்றார். இன்னும் ஒரு மாதம் ஸ்டெல்லா இருந்திருந்தால் அந்த வீட்டில் அவரும் சாப்பிட்டிருப்பார்.

இப்போது அதற்கடுத்த பதிப்புக்கான பேச்சு தொடங்கியிருக்கிறது. சிப் விற்க வருபவர்கள் வேகம், நினைவகம் என்று அடுக்குகிறார்கள். இப்படி வருபவர்களிடம் முன்பெல்லாம் ஸ்டெல்லா ஒன்றே ஒன்றுதான் கேட்பார்: "இது வேலை செய்யாமப் போனா, அது மொதல்ல யாருக்குத் தெரியும்?" கேட்டுவிட்டு, எதிரில் இருப்பவர் எவ்வளவு நெளிந்தாலும் பதில் வரும்வரை பேசாமல் இருப்பார். அந்தக் கேள்வியைத்தான் அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். போன வாரம் நானும் கேட்டேன். எதிரில் இருந்தவர் தடுமாறினார். பாவம் என்று நானே வேறு பேச்சுக்கு மாறிவிட்டேன். கேள்வி வந்துவிட்டது. அந்த மௌனம் எனக்கு இன்னும் வரவில்லை.