பன்னிரண்டைத் தொடாத நிழல்

என் கல்யாணப் பதிவுக்கு அம்மா வந்ததே பெரிய காரியம். மாப்பிள்ளை வேற்றாள் இல்லை, கோலார் தங்கவயலில் எங்கள் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுக்கு அடுத்த லைன்தான். ஆனால் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். வெகுநாள் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, சாட்சிக் கையெழுத்துப் போட ஒருவழியாக இறங்கி வந்தாள். அவரைப் பேர் சொல்லியும் கூப்பிடுவதில்லை, முறை சொல்லியும் கூப்பிடுவதில்லை. எதிரில் நின்றாலும், "அவுர கேளு" என்று என்னிடம்தான் சொல்வாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள்: ராகுகாலத்தில் பேனாவைத் தொட மாட்டாள்.

அன்று புதன்கிழமை. பன்னிரண்டுக்கு ராகுகாலம் தொடங்கும். பெங்களூரில் இப்போது நாங்கள் இருக்கும் அல்சூரிலிருந்து காலையிலேயே வந்து, பதிவு ஆபீஸ் இருக்கும் வெள்ளைக்காரன் காலத்துக் கல் கட்டடத்தின் முன்னால் மரத்தடியில் காத்துக் கிடந்தோம். எங்களைக் கூப்பிட்டபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது.

"பேக பன்றி, சாஹேபரு ஊட்டக்கெ ஹோக்தாரெ" என்றார் பியூன். சீக்கிரம் வர வேண்டுமாம், அதிகாரி சாப்பிடக் கிளம்புகிறாராம். பிறகு மீட்டிங், விட்டால் வேறு நாள்தான். அம்மா மரத்தடியை விட்டு அசையவில்லை. எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. இன்று திரும்பிப் போனால் இவள் மறுபடி வர மாட்டாள்.

"அது இன்னா?" என்றாள் அம்மா, சுவரைக் காட்டி. மேலே பதித்த கல்லில் ரோமன் எண்கள், நடுவே ஒரு சாய்ந்த இரும்புக் கம்பி.

"சூரியக் கடிகாரம்மா" என்றார் என் பக்கத்தில் நின்ற அவர். "பன்னெண்டு ஆக இன்னும் அரை மணி இருக்குன்னு காட்டுது."

"ரிப்பேரா?"

"இல்லம்மா. நம்ம வாட்ச்சு நாட்டுக்கெல்லாம் ஒரே டைம் காட்டும். அது கிழக்க இருக்கிற ஊரை வெச்சுப் போட்ட கணக்கு. அங்க உச்சிக்கு வந்த சூரியன் இங்க வர லேட்டாகும். மாசி மாசம் இன்னும் லேட்டு. இதான் பெங்களூரு சூரியனோட டைம்."

நான் அண்ணாந்து பார்த்தேன். எத்தனையோ தடவை பஸ்ஸில் போகும்போது பார்த்து, பழைய இரும்பு என்று நினைத்த சாமான். நிழல் அசைவதாகவே தெரியவில்லை. சற்றுமுன் கல்லின் விரிசல்மேல் கிடந்தது, இப்போது விரிசலைத் தாண்டியிருந்தது. கட்டடம், அதிகாரியின் சாப்பாடு, அம்மாவின் பிடிவாதம், எல்லாவற்றையும் சுமந்துகொண்டு பூமி சத்தமில்லாமல் திரும்புவதை நான் கண்ணால் பார்த்தேன்.

"ராவுகாலம் சூரியன வெச்சித்தான? கடியாரத்த வெச்சா இல்லியே" என்றாள் அம்மா. அவளே கேட்டு அவளே தலையாட்டிக்கொண்டாள். செருப்பைக் கழற்றி, சுவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே நடந்தாள். ஒவ்வோர் எழுத்தாக நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்ததும் படியில் நின்றாள்.

"மாப்ள, இப்ப மணி இன்னா?"

அவர் கையில் வாட்ச் இருந்தது. அதைப் பார்க்காமல் சுவரை அண்ணாந்து பார்த்தார்.

"இன்னும் பன்னெண்டு ஆகல, அத்தை."