அற்புதம் அக்காவிடம் செய்தி சொல்வது எப்படி

போத்தனூர் தேவதாஸ் அண்ணன் எங்கள் கருத்தரங்கு அறையில் எத்தனை தடவை செத்தார் என்று எனக்கே ஞாபகமில்லை. மாரடைப்பில் போயிருக்கிறார், லாரி மோதிப் போயிருக்கிறார், ஒரு முறை டெங்குவிலும் போனார். அந்த நேரத்திலெல்லாம் மனுஷன் வீட்டில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பார். இங்கே அவருக்காக அழுவது அவருடைய மனைவி அற்புதம் அக்கா. அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கீதா, சாம்பார் சாதம் மிச்சமிருந்தா ஒரு டப்பாவுல போடு கண்ணு, அவருக்குப் புடிக்கும்" என்பார்.

நான்தான் அந்தக் கீதா. சூலூரில் பிறந்து போத்தனூரில் வாக்கப்பட்டவள். பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரத் துறை அலுவலகத்தில் வேலை. மருத்துவ அறமும் சுகாதாரக் கொள்கையும் என்று பெரிய தலைப்புப் போட்டு எங்கள் துறை வருஷா வருஷம் கருத்தரங்கு நடத்தும். பேனர் அடிப்பதிலிருந்து, வெளியூர்ப் பேராசிரியருக்குச் சர்க்கரை போடாத காபி தேடுவது வரைக்கும் என் தலையில்தான் விடியும். காலையில் மேடையில் விவாதம் நடக்கும். நோயை முதலில் நோயாளியிடம் சொல்வதா, வீட்டாரிடம் சொல்வதா? அரசு காப்பீட்டில் எந்த வைத்தியத்தைச் சேர்ப்பது, எதை விடுவது? மைக்கைப் பிடித்தவர் லேசில் விடமாட்டார். சாப்பாட்டுக்குப் பிறகு பாதி அறை கண் சொக்கிவிடும். போன அமர்வில் எழுந்து கேள்வி கேட்டவரே இந்த அமர்வில் குறட்டை விடுவார்.

அதனால் எங்கள் துறைத் தலைவி மேடம் மதியத்துக்கு ஓர் ஏற்பாடு செய்தார். கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்று மருத்துவ மாணவர்கள் அங்கேயே நடித்துப் பழக வேண்டும். மாணவர் டாக்டராகவே வருவார். எதிரே உட்கார்ந்து செய்தியைக் கேட்டுக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். நான் யோசிக்கவே இல்லை, பக்கத்து வீட்டு அற்புதம் அக்காவின் பெயரைச் சொல்லிவிட்டேன்.

அக்காவின் நடிப்பை நான் சர்ச்சில் பார்த்திருக்கிறேன். கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஏரோது மன்னனின் சேவகர்கள் கைக்குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள் அல்லவா, அந்தத் தாயாக வருவார். கேக் தின்னலாம் என்று போன நான், மூக்கைச் சிந்திக்கொண்டு வீடு திரும்பினேன். குழந்தை என்னவோ பிளாஸ்டிக் பொம்மைதான்.

முதல் வருஷமே அக்கா எல்லாருடைய தூக்கத்தையும் கலைத்துவிட்டார். அன்றைக்கு வந்த மாணவர்களில் யஷ்வந்த் என்று திருப்பூர்ப் பையன் ஒருவன், நெட்டைக் கொக்காட்டம் இருப்பான். கதவைத் திறந்து, கைப்பிடியை விடாமலே, "உங்க ஹஸ்பண்ட் எக்ஸ்பயர் ஆயிட்டாருங்க, சாரிங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான். அக்கா அழுவதை மறந்துவிட்டார்.

"ஏங் கண்ணு, கொரியரா குடுத்துப்போட்டுப் போறீங்க? உள்ள வாங்க. கதவச் சாத்துங்க. மொதல்ல உக்காருங்க."

மேடத்தின் பாடக் குறிப்பில் இருந்ததுதான் எல்லாம். ஆனால் அதை மாணவர்கள் மண்டையில் ஏற்றியது அக்காவின் அதட்டல். கதவைச் சாத்தோணும். மேஜைக்கு அந்தப் பக்கம் ராஜா மாதிரி உட்காராமல் நாற்காலியை இந்தப் பக்கம் இழுத்துப் போடோணும். போனை அணைச்சு வைக்கோணும். தண்ணீர் டம்ளர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கோணும். உங்களுக்கு இதுவரைக்கும் என்ன தெரியும் என்று கேட்கோணும். சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் நிறுத்தோணும், கேட்பவர் மனசைத் திடப்படுத்திக்கொள்ள. யஷ்வந்தை அன்றைக்குத் திரும்பத் திரும்ப உள்ளே வரவைத்து, தேவதாஸ் அண்ணனைத் திரும்பத் திரும்பச் சாகடித்து, கடைசியில் அவன் சொன்ன விதம் அக்காவுக்கே பிடித்துப்போயிற்று. "இப்பச் சொன்னீங்க பாருங்க, இதுதானுங்க மொறை" என்று அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

சாயங்காலம் என் வண்டியில்தான் வீடு திரும்புவார். அண்ணன் கேட்டைத் திறந்துகொண்டே, "இன்னைக்கு நான் எதுல போனேன்?" என்று கேட்பார். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ரிட்டயர் ஆனவர், ஆள் அமைதி. "ஹார்ட் அட்டாக்குங்க" என்பார் அக்கா. "பரவால்ல, சீக்கிரமாப் போயிருக்கறேன்" என்று சாம்பார் சாத டப்பாவை வாங்கிக்கொள்வார்.

ஒரு வருஷம் காலை விவாதத்திலேயே அக்காவிடம் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் ஒருவருக்கு வியாதி என்றால் மற்றவர்களிடம் மறைக்கலாமா என்று கேள்வி. "ஊட்டுக்குள்ளயே மறைச்சுக்கறதுன்னா அப்பறம் ஊடு எதுக்குங்க?" என்றார் அக்கா. கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

இத்தனை பேசிய அம்மணிதான் போன ஆடியில் ஒரு நாள் துணி காயப்போடும்போது, மதில்சுவருக்கு மேலாக என்னைக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது என்றார். அண்ணனிடம் சொல்லவில்லை. அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் மகள் லின்சியிடமும் சொல்லவில்லை.

எனக்குப் பயம் வந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும். "மைக்கைப் புடிச்சு என்னக்கா சொன்னீங்க? ஊடு எதுக்குன்னு கேட்டீங்கள்ல?"

"அது கருத்தரங்கு கண்ணு. இது அவரு. அவருகிட்டச் சொன்னா மொதல்ல அவரைத்தான் அட்மிட் பண்ணோணும்."

நானே கூட்டிக்கொண்டு போனேன். அவிநாசி ரோட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. படம் எடுத்தார்கள், ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள், முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்று அனுப்பிவிட்டார்கள். அண்ணனிடம் கருத்தரங்கு வேலை என்று பொய் சொல்லியிருந்தோம். அந்த மனுஷன் வெள்ளந்தியாக, "இந்த வருஷம் கொஞ்சம் முன்னாடியே சாகறேனாட்டம் இருக்குது" என்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்த ஒரு வாரம் அக்கா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. பரணில் கிடந்த பாத்திரத்தையெல்லாம் இறக்கித் தேய்த்தார். அண்ணனுக்கு ரசம் வைக்கக் கற்றுக்கொடுத்தார். அண்ணனும் எதற்கு என்று கேட்காமல் கற்றுக்கொண்டார். ஒரு நாள் என்னிடம், "கீதா, கல்லறையில எங்க மாமியா பக்கத்துல மட்டும் வெக்க உட்றாத. உசுரோட இருக்கறப்பவே எங்க ரெண்டு பேருக்கும் ஒத்துக்கல" என்றார். நான் சிரித்துவிட்டு, வீட்டுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

முடிவு வாங்கப் போன அன்று பெரிய டாக்டர் ஆபரேஷனில் இருந்தார். ஜூனியர் டாக்டர் வருவார், உட்காருங்கள் என்றார்கள். கதவு திறந்தது. நெட்டைக் கொக்கு. இப்போது வெள்ளைக் கோட்டு, மூக்குக் கண்ணாடி.

"அற்புதம்மா!" என்று யஷ்வந்தின் முகம் மலர்ந்தது. உடனே ஏதோ ஞாபகம் வந்தவன் போல முகத்தை இறுக்கிக்கொண்டான். "இங்க வேண்டாங்கம்மா. உள்ள தனி ரூம் இருக்குது, வாங்க" என்று கூட்டிப் போனான்.

கதவைச் சாத்தினான்.

அக்காவின் கை என் கையைத் தேடிப் பிடித்தது. அவன் மேஜைக்கு அந்தப் பக்கம் கிடந்த நாற்காலியை இந்தப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். போனை எடுத்து அணைத்தான். தண்ணீர் டம்ளரை அக்கா பக்கம் நகர்த்தினான். இதையெல்லாம் வரிசையாக டைப் அடித்து மாணவர்களுக்குக் கொடுத்தவளே நான்தானே. அடுத்து என்ன கேட்பான் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும்.

"உங்களுக்கு இதுவரைக்கும் என்ன தெரியும்னு சொல்லுங்கம்மா."

"கட்டின்னு தெரியும் தம்பி."

"ரிசல்ட் வந்துருச்சுங்க. முழுசாத் தெரிஞ்சுக்க விரும்பறீங்களா?"

"ம்."

அவன் அக்காவின் கண்ணைப் பார்த்தான். பிறகு நிறுத்தினான். பாவி, சொல்லிக்கொடுத்த மாதிரியே நிறுத்தினான். ஏசி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. மனசைத் திடப்படுத்திக்கொண்டு அக்காதான் முதலில் பேசினார்.

"கிறிஸ்துமஸ் வரைக்கும் தாங்குமா கண்ணு?"

"என்னதுங்கம்மா?"

"லின்சி லீவுல வருவா. அதுவரைக்கும் இருந்தேன்னா போதும்."

யஷ்வந்துக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தே விட்டான். "ஐயோ, அம்மா! உங்களுக்கு ஒண்ணுமே இல்லீங்க! கேன்சர் இல்லீங்க! வெறும் கொழுப்புக் கட்டிங்க, அதுபாட்டுக்குக் கெடக்கும். ஆறு மாசம் கழிச்சு ஒருக்கா வந்து காட்டுனாப் போதுமுங்க!"

நான் இருக்கும் இடத்தை மறந்து கத்திவிட்டேன். "அப்பறம் எதுக்குய்யா கதவச் சாத்துனே?"

பெரிய படிப்புப் படித்த டாக்டர், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி அக்காவைக் கை காட்டினான். "அம்மாதானுங்க சொல்லிக்குடுத்தாங்க. நல்ல சேதிய எப்படிச் சொல்றதுன்னு யாருமே சொல்லித் தரலீங்களே."

அக்கா அழ ஆரம்பித்தார். கருத்தரங்கில் அழுவது அழகாக இருக்கும், கண்ணோரம் நிறைந்து ஒரு சொட்டு அளவாக இறங்கும். இது அப்படி இல்லை. மூக்கு ஒழுக, விக்கல் எடுக்க, நடுநடுவே சிரிப்பும் வர, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதார். இத்தனை வருஷத்தில் அக்கா நிஜமாக அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். யஷ்வந்த் தண்ணீர் டம்ளரை எடுத்து அவனே மடமடவென்று குடித்துவிட்டான். எனக்கு உடம்பில் இருந்த எலும்பெல்லாம் கழன்றது போல அப்படியொரு நிம்மதி. அந்தப் பையனைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, நாலு சாத்துச் சாத்தவும் தோன்றியது.

திரும்பி வரும் வழியில் அக்கா ஒரே யோசனை. "அவருகிட்ட எப்படிச் சொல்றது கண்ணு? உக்கார வெச்சுச் சொன்னா பயந்துக்குவாரு."

"உக்கார வெக்காதீங்க" என்றேன்.

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வாசலிலிருந்து கத்தினார் அக்கா. "ஏனுங்க! எனக்கு ஒண்ணும் இல்லையாமுங்க!"

அடுப்படியில் ரசத்தை இறக்கிக்கொண்டிருந்த அண்ணன் கரண்டியோடு வெளியே வந்தார். "உனக்கு என்ன இருந்துச்சு?"

அப்புறம்தான் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டார், பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "நீ ரசம் வெக்கச் சொல்லிக்குடுத்தப்பவே மனசு என்னமோ பண்ணுச்சு. கேட்டா நீ சொல்லிருவியோன்னு பயந்துட்டுக் கேக்கல" என்றார். அக்கா அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். நான் கேட்டைச் சாத்திக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்த வருஷக் கருத்தரங்குக்கு யஷ்வந்தை மேடம் பேசக் கூப்பிட்டிருந்தார். அக்காவிடம் கேட்டுக்கொண்டுதான் அவன் தன் கதையை மேடையில் சொன்னான். அறையே உருண்டு புரண்டு சிரித்தது. நோயாளியின் உரிமை பற்றிக் காலையெல்லாம் பேசியவர்கள், செய்தி நல்லதென்றால் கேட்பவரை ஒரு நிமிஷம்கூடக் காக்கவைக்கக் கூடாது என்பதை அன்றைக்குத்தான் பாடத்தில் சேர்த்தார்கள்.

மதியம் அதற்கும் ஒரு பயிற்சி. மௌனிகா என்ற மாணவி கதவைத் திறக்கும்போதே, "அம்மா, உங்க வீட்டுக்காரரு நல்லா இருக்காருங்க! ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுருச்சுங்க!" என்றாள். அதன் பிறகுதான் உட்கார்ந்தாள். அக்கா அடுத்து இரண்டு கேள்வி கேட்க வேண்டும், அப்படித்தான் பேசி வைத்திருந்தோம். கேட்கவில்லை. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். மேடமும் அப்படியே விட்டுவிட்டார்.

சாயங்காலம் என் வண்டி நின்றதும் அண்ணன் கேட்டைத் திறந்தார்.

"இன்னைக்கு நான் எதுல போனேன்?"

அக்கா இறங்கிச் சேலையைச் சரிசெய்துகொண்டார். "இன்னைக்குப் பொழச்சுட்டீங்க."

அண்ணன் கேட்டைப் பிடித்தபடியே நின்றார். "நெசமாவா?"

"நெசமாத்தானுங்க."

"அப்ப உள்ள வா, காபி வெக்கறேன்" என்று டப்பாவை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.