புதன்கிழமை போடாத ஓட்டு

ஊர்க் கடைவீதியில் அவளுக்கு இன்றைக்கும் ‘ஜெராக்ஸ் அக்கா’ என்றுதான் பெயர். பக்கத்து நாட்டுக்குப் போகும் எல்லைச் சாலை தொடங்கும் முனையில் நகல் எடுக்கும் கடை வைத்திருந்தவள். நகல் எடுக்க வந்தவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்து, எழுதிய மனுவைத் தானே தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினாள். கடைசியில் ஊரே சேர்ந்து அவளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிவைத்தது. மூன்று தேர்தல் ஜெயித்தாகிவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை.

வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு அது பெரிய வாழ்க்கை. வாசலில் பெயர்ப் பலகை, காரில் சின்னக் கொடி. ஆனால் தலைநகரத்தில், உறுப்பினர் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் அவள் வீட்டுக் கதவைத் திறந்து பார்த்தவர்கள் யார்? கழுவிக் கவிழ்த்த ஒரே ஒரு தட்டு. ஒரே ஒரு டம்ளர். பேச்சுச் சத்தம் கேட்கட்டுமே என்று போட்டுவைத்த தொலைக்காட்சி. கணவர் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஓர் உயிர் இல்லை.

திங்கட்கிழமைகளில் தேசப் பாதுகாப்புக் குழு கூடும். ஜன்னல் இல்லாத அறை. வாசலில் இருக்கும் மரப்பெட்டியில் கைபேசியைப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சுவரில் தொங்கும் வரைபடத்தில் அவள் ஊர் ஒரு சிவப்புப் புள்ளி. எல்லைச் சாலையை மூடிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. ஏன் மூடினார்கள், எப்போது திறப்பார்கள் என்பதெல்லாம் அந்த அறைக்குள் பேசப்படும். அங்கே கேட்டதை வெளியே சொல்வதில்லை என்று அவள் உறுதிமொழி எடுத்திருக்கிறாள்.

செருப்புக் கடை வைத்திருக்கும் தம்பி வாராவாரம் போனில் கேட்பான்.

“எப்பக்கா ரோட்டைத் தொறப்பாங்க?”

“தெரியலடா.”

“உனக்கே தெரியலன்னா வேற யாருக்குத்தான் தெரியும்? அந்தப் பக்கத்து ஆளுங்க வந்து வாங்கினாத்தான் நமக்குச் சோறு. செருப்பு விக்கிறவன் வெறுங்காலோட நிக்கப் போறேன் பாரு.”

அவள் சிரித்து வைப்பாள். இந்த வருடம் சாலை திறக்கப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்ததைத் தெரியாது என்று கூடப்பிறந்தவனிடமே சொல்லிவிட்டுப் போனை வைப்பாள். ஆறுதல் சொல்லவும் ஆளில்லை, அழுது தீர்க்கவும் ஆளில்லை.

இல்லை, ஒருத்தி இருந்தாள்.

எதிர்க்கட்சி வரிசையில் உட்காரும் ‘நர்ஸம்மா’. ஆயுசு பூரா அரசு மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு அரசியலுக்கு வந்தவள். ஜெராக்ஸ் அக்காவை விடப் பத்து வயது மூத்தவள். வாயோ இருபது வயதுக்காரி வாய். கணவர் இறந்தபோது கட்சி ஒரு மலர்வளையம் அனுப்பியது. நர்ஸம்மா எதையும் அனுப்பவில்லை. நேரே சமையலறைக்குள் போய், குவிந்து கிடந்த பாத்திரங்களைத் தேய்த்து வைத்துவிட்டு, “சாப்பிட்டியாடி?” என்று கேட்டாள். அன்றிலிருந்து தொடங்கிய உறவு அது.

அவைக்குள் இருவரும் ‘ஜோடி’. அது நாடாளுமன்றத்தின் பழைய வழக்கம். இந்தக் கட்சியில் ஒருவரும் அந்தக் கட்சியில் ஒருவரும் தங்களுக்குள் பேசிவைத்துக்கொள்வார்கள். ஒருவரால் வர முடியாத நாளில் மற்றவரும் ஓட்டுப் போடாமல் ஒதுங்கிவிடுவார். இரண்டு பக்கமும் ஒவ்வொன்று குறையும், யாருக்கும் நஷ்டமில்லை. எழுத்து கிடையாது, கையெழுத்து கிடையாது. சொன்னால் சொன்னதுதான்.

“என்னம்மா, உங்க ஜோடியக் காணோம்? கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயாச்சா?” என்று கேன்டீனில் மற்ற உறுப்பினர்கள் கிண்டல் செய்வார்கள்.

“வந்ததும் உனக்கு ஊசி போடச் சொல்றேன், இரு” என்பாள் இவள்.

அந்தத் திங்கட்கிழமை கேன்டீன் மூலை மேஜையில் நர்ஸம்மா தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னாள். “ஏய் ஜெராக்ஸ், புதன்கிழமை நான் வர மாட்டேன். வயித்துல ஏதோ கட்டியாம். அறுத்துப் பாக்கணுங்கறான் டாக்டர்.”

இவளுக்குக் கையில் இருந்த பிஸ்கட் அப்படியே நின்றுவிட்டது. “என்னக்கா இவ்வளவு சாதாரணமாச் சொல்றீங்க?”

“பின்ன, ஒப்பாரி வைக்கவா? ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் ஊசி போட்டவ நான். எனக்கு ஊசின்னாத்தான் பயம்னு வெளிய சொல்லிடாத. புதன்கிழமை நீ ஓட்டுப் போடாம இரு, போதும். பெருசா ஒண்ணும் வரல இந்த வாரம்.”

“போட மாட்டேன்க்கா. நிம்மதியாப் போயிட்டு வாங்க.”

அவ்வளவுதான். அவ்வளவேதான்.

செவ்வாய்க்கிழமை மாலை கொறடா அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கட்சிக்காரர்களின் தலையை எண்ணி ஓட்டுப் போட வைக்கும் வேலை அவருடையது. முகம் பூரித்திருந்தது.

“கடைக்காரர் நிவாரண மசோதா அடுத்த வாரம் வர்றதா இருந்துச்சில்ல? நாளைக்கே எடுக்கறோம். எல்லை மூடினதால படுத்துப்போன கடைங்களுக்கு வாடகை, வட்டி, கரண்ட் பில் எல்லாத்துக்கும் உதவி. உங்க ஊருக்குன்னே வர்ற மசோதாம்மா!”

“ஏன் நாளைக்கே?”

“அந்தப் பக்கம் ரெண்டு பேர் வெளிநாடு போயிருக்காங்க. நர்ஸம்மா ஆஸ்பத்திரியில. எண்ணிப் பாத்துட்டேன். நீங்க வந்தா ஒரு ஓட்டுல ஜெயிச்சோம்.”

“அவங்க எனக்கு ஜோடி. நான் போட மாட்டேன்னு சொல்லியிருக்கேன்.”

கொறடா சிரித்தார். “வாய் வார்த்தைதானேம்மா? மயக்க மருந்து குடுத்துப் படுக்க வெச்சிருப்பாங்க. அவங்களுக்குத் தெரியவா போகுது?” பிறகு சிரிப்பு போயிற்று. “அடுத்த தேர்தல்ல சீட்டு வேணுமா, வேண்டாமா? யோசிச்சுக்கங்க.”

வீட்டுக்கு வந்தால் தம்பியின் போன். “அக்கா! நாளைக்கேவாம்! மார்க்கெட்டே டிவி முன்னால உக்காரப்போகுது. மொத்த விலைக்காரன் சரக்கைத் திருப்பிக் குடுன்னு கழுத்தைப் பிடிக்கறான். இது மட்டும் வந்திருச்சுன்னா கடையக் காப்பாத்திருவேன்க்கா.”

“சரிடா.”

“என்ன சுரத்தில்லாமப் பேசற? சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்” என்று பொய் சொன்னாள்.

புதன்கிழமை ஓட்டெடுப்பு மணி அடித்தது. நடைபாதையில் உறுப்பினர்கள் ஓடினார்கள். அவள் அவைக் கதவுக்கு எதிரே இருந்த மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கொறடா வந்து கையைப் பிடித்து இழுக்காத குறை. “அம்மா, எழுந்திருங்கம்மா!” அவள் தரையைப் பார்த்தாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே ஓடினார்.

நடைபாதை வெறிச்சோடியது. வயதான வாயிற்காவலர் கதவில் கை வைத்தபடி தயங்கினார்.

“அம்மா, உள்ள வரீங்களா? கதவைச் சாத்தப் போறேன்.”

ஒரு நொடி. ஓரெட்டு வைத்தால் தம்பியின் கடை பிழைக்கும். கடைவீதியில் விளக்கு எரியும். ஓரெட்டு! அவள் எழவில்லை.

“சாத்துங்க” என்றாள்.

ஆதரவும் எதிர்ப்பும் சரிசமமாக வந்தன. சமமாக வந்தால் இருப்பது இருந்தபடியே தொடரட்டும் என்று முடிவு சொல்வது சபாநாயகர்களின் வழக்கம். இவரும் அப்படியே சொன்னார். மசோதா தோற்றது. தோற்ற மசோதாவை அந்தக் கூட்டத்தொடரில் மறுபடி கொண்டுவர முடியாது.

அன்றைக்குத் தம்பியின் போன் வரவில்லை. மறுநாள் காலை ஒரு பத்திரிகை அவளைத் துரோகி என்றது. இன்னொன்று, சொந்த ஊருக்கே நஷ்டம் வந்தாலும் சொன்ன சொல் தவறாத உத்தமி என்றது. இரண்டையும் படித்துவிட்டு மடித்துவைத்தாள். இரண்டிலும் அவள் இல்லை.

வியாழக்கிழமை வெளியுறவுக் குழு. அதிலும் அவள் உறுப்பினர். எல்லைக்கு அந்தப் பக்கத்து நாட்டிலிருந்து நல்லெண்ணப் பயணமாக உறுப்பினர்கள் வந்திருந்தார்கள். நீள மேஜை, நடுவில் பூக்கள், காதில் மொழிபெயர்ப்புக் கருவி. எதிரே இருந்த பெரியவர் ஏதோ சொல்லிச் சிரித்தார். காதுக்குள் மொழிபெயர்ப்பாளரின் குரல் சொன்னது: “உங்க ஊர்லதான் நல்ல செருப்பு கிடைக்கும்னு என் மனைவி சொல்லிக்கிட்டே இருப்பா. ரோடு தொறந்ததும் முதல் வேலையா வருவோம்.”

“அவசியம் வாங்க” என்றாள் அவள். முகம் சிரித்தது. மேஜைக்கு அடியில் விரல்கள் சேலை முந்தானையைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தன.

வெள்ளிக்கிழமை காலை மருத்துவமனைக்குப் போனாள். நர்ஸம்மா வாடிப்போய்க் கிடந்தாள். கட்டியை எடுத்துவிட்டார்கள், பயப்பட ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தலைமாட்டில் அதே பத்திரிகைகள்.

“ஏன்டி போடல?” குரல் கம்மியிருந்தது.

“உங்ககிட்டச் சொன்னேனேக்கா.”

“நானா இருந்தா போட்டிருப்பேன்டி. உன்னைக் கேக்காமப் போட்டுட்டு, வந்து கால்ல விழுந்திருப்பேன்.”

“தெரியும்க்கா.”

“தெரிஞ்சுமா?”

அவள் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லாதது, தனக்கே சொல்லிக்கொள்ளாதது, இப்போது தானாக வந்து விழுந்தது. “கொள்கை கிள்கைன்னு ஒண்ணும் இல்லக்கா. பேப்பர்ல போட்டிருக்கறதெல்லாம் பொய். ஓட்டுப் போட்டிருந்தா நீங்க என்னோட பேச மாட்டீங்களோன்னு பயம். அப்புறம் திங்கக்கிழமை அந்தக் கேன்டீன்ல நான் யார் கூட உக்காருவேன்? சாப்பிட்டியாடின்னு என்னை யார் கேப்பா?” உடைந்து அழுதாள்.

நர்ஸம்மாவின் கை நீண்டு வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

“பக்கத்துல உக்கார ஒரு ஆள் வேணும்னு ஒரு மார்க்கெட்டையே மூடிட்டியா?” நர்ஸம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். “என் தலையில கட்டாதடி இதை. என்னால சுமக்க முடியாது. இனிமே நமக்குள்ள ஜோடி கீடி வேண்டாம். போ. ஊருக்குப் போய் அவங்ககிட்டச் சொல்லு.”

எதை இழக்கக் கூடாது என்று ஊரையே இழந்தாளோ, அதுவும் போயிற்று.

சனிக்கிழமை கடைவீதி பாதி மூடிக்கிடந்தது. தம்பி கடைக்குள் செருப்புகளை அட்டைப்பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தான். சரக்கை மொத்த விலைக்காரனுக்கே திருப்பி அனுப்பப் போகிறான். எதிர்க் கடை ஃபேன்சி ஸ்டோர்க்காரம்மா இவளைப் பார்த்ததும் வாசலுக்கு வந்துவிட்டாள்.

“வாங்க உத்தமி! உங்க நேர்மைய ரெண்டு கிலோ குடுத்தீங்கன்னா உலையில போடுவேன். பிள்ளைங்க பசியோட இருக்குது.”

தம்பி பெட்டியைப் போட்டுவிட்டு வெளியே பாய்ந்தான். “என்னை வேணும்னா திட்டுங்க. அக்காவை ஒண்ணு சொல்லாதீங்க! கடை போனா போவுது. எங்க வீட்டுல யாரும் சொன்ன சொல் மாற மாட்டோம்!” ஃபேன்சி ஸ்டோர்க்காரம்மா வாயடைத்து உள்ளே போய்விட்டாள்.

இவள் கடைக்குள் போய், காலியாகிவிட்ட கண்ணாடி அலமாரி ஓரம் நின்றாள். தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பயத்தை, தனிமையை, கேன்டீன் மேஜையை. ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லச் சொல்ல அவன் முகம் வெளிறிக்கொண்டே வந்தது.

தான் போட்டுவிட்டு ஓடிய பெட்டியை எடுத்து நிமிர்த்தி வைத்தான். பிறகு, “ஏன்க்கா, எனக்குப் போன் பண்ணியிருக்கலாமே. நான் சாப்பிட்டியான்னு கேக்கலையா?” என்றான்.

அவன் வாராவாரம் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். அவள்தான் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“இப்பவே போய் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்டா” என்று வாசலை நோக்கித் திரும்பினாள்.

தம்பி குறுக்கே வந்து நின்றான். “வேண்டாம்.”

“உண்மையச் சொல்ல வேண்டாமா?”

“யாருக்கு வேணும் உன் உண்மை? அக்கா யோக்கியம், அதனாலதான் கடை போச்சுன்னு சொல்லிக்கிட்டு நான் இந்தத் தெருவுல நடந்துருவேன். அதையும் புடுங்கிட்டீன்னா எதைச் சொல்லிக்கிட்டு நடப்பேன்?” கண்ணைத் துடைத்துக்கொண்டான். “நீ உத்தமியாவே இரு. எனக்காக இரு.”

பெற்ற பட்டத்தைக் கழற்றி வைக்கக்கூட அவளுக்கு உரிமை இல்லாமல் போயிற்று. தம்பி பழையபடி குனிந்து செருப்புகளை அடுக்கத் தொடங்கினான். சாப்பிட்டாயா என்று இந்த முறை அவன் கேட்கவில்லை. தெருவில் போன ஒரு முதியவர் கடைக்குள் எட்டிப் பார்த்து, “எங்களுக்கு நஷ்டம்தான் தாயி. ஆனாலும் உன்னை மாதிரி ஆள் வேணும்” என்று கும்பிட்டார்.

அவள் கை குவித்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, தம்பி நிரப்பி வைத்த பெட்டிகளின் வாயை ஒவ்வொன்றாக டேப் போட்டு ஒட்ட ஆரம்பித்தாள்.